முதியவர் ஓடினார், பச்சிளம் குழந்தைகளுக்காக

காலையில் கண்விழித்தது முதல் நாம் ஓடிக்கொண்டேதான் இருக்கிறோம். தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று குடத்தோடு ஓடுகிறோம். கும்மிடிப்பூண்டி மின்வண்டியைப் பிடிக்க ஓடுகிறோம். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஆலை வாசலுக்கு ஓடுகிறோம். காசிமேட்டில் படகு கரைசேர்ந்ததும் நம் சகோதரிகள் கூடையோடு ஏலத்துக்கு ஓடுகிறார்கள். இவையெல்லாம் நமக்காகவும் நம் குடும்பத்துக்காகவும் நாம் ஓடும் ஓட்டங்கள். முன்பின் தெரியாத ஒருவருக்காக நம்மால் ஓட முடியுமா? முடியும் என்று 89 வயதில் வாழ்ந்து காட்டினார் ஒரு முதியவர். அவர் பெயர் பௌஜா சிங்.

பஞ்சாப் மாநிலம், ஜலந்தர் மாவட்டத்தில் பியாஸ் பிண்ட் என்ற சிற்றூரில், ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அவர் பிறந்தார். கால்கள் மெலிந்து பலவீனமாக இருந்ததால் ஐந்து வயது வரை அவரால் நடக்க இயலவில்லை. பள்ளிப்படிப்பு இல்லை, எழுதப் படிக்கத் தெரியாது. நிலத்தில் பாடுபட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். 1992-இல் மனைவியை இழந்தார். 1994-இல் மகன் ஒருவரை விபத்தில் பறிகொடுத்தார். இங்கிலாந்தில் குடியேறியிருந்த மற்றொரு மகனின் குடும்பத்தோடு வாழ்ந்தபோது, மொழி தெரியாத நாட்டில், நான்கு சுவர்களுக்குள் துயரம் அவரை அழுத்தியது. அந்தத் துயரத்திலிருந்து வெளியே வரத்தான் அவர் ஓடத் தொடங்கினார். பதக்கமோ புகழோ அப்போது அவர் எண்ணத்தில் இல்லை.

2000-ஆம் ஆண்டு, தமது 89-ஆம் வயதில், இலண்டன் மாரத்தான் ஓட்டத்தில் கலந்துகொண்டு 6 மணி 54 நிமிடங்களில் ஓடி முடித்தார். மாரத்தான் என்பது 42 கிலோமீட்டர் 195 மீட்டர் தூரம். நம் இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை போய், திரும்பி வந்து, மறுபடியும் எண்ணூர் வரை போனால் ஏறக்குறைய அந்தத் தூரம் வரும். அதை நடந்தே கடப்பதற்கு நம்மில் எத்தனை பேருக்குத் துணிவு உண்டு?

அவர் யாருக்காக ஓடினார் என்பதுதான் நம் சிந்தனைக்கு உரியது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு உதவும் 'பிளிஸ்' என்ற பிரிட்டிஷ் தொண்டு நிறுவனத்துக்காக அவர் ஓடினார். வாழ்வின் கடைசிப் படியில் நிற்பவர், வாழ்வின் முதல் படியிலேயே தடுமாறும் குழந்தைகளுக்காக ஓடினார். பின்னாளில் விளம்பரங்கள் மூலம் வந்த பணத்தையும் தொண்டுப் பணிகளுக்குக் கொடுத்தார்.

37 வாரங்கள் நிறைவதற்கு முன்பே பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். உலகில் ஏறக்குறைய பத்துக் குழந்தைகளில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. நுரையீரல் முழுமையாக வளர்ந்திருக்காது. உடல் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது. பால் குடிக்கவும் வலு இருக்காது. இப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்க்க நாம் இலண்டனுக்குப் போக வேண்டியதில்லை. இராயபுரத்தில் உள்ள ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை, வட சென்னையின் ஏழைத் தாய்மார்கள் நம்பி வரும் இடம். சிகிச்சை இலவசம்தான். ஆனால் வாரக்கணக்கில் வேலைக்குப் போகாமல் காத்திருக்கும் தகப்பனுக்குக் கூலி இல்லை. வந்துபோகும் செலவும் சாப்பாட்டுச் செலவும் இருக்கின்றன. வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது?

சரி, ஒருவர் ஓடினால் பணம் எப்படி வரும் என்று சிலர் கேட்கலாம். நம் பங்குகளிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகிறவர்களை நினைத்துக்கொள்வோம். "எங்களுக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, அவர்கள் கையில் காணிக்கை கொடுத்து அனுப்புகிறோம் அல்லவா? அவர்கள் படப்போகும் பாட்டை அறிந்துதானே கொடுக்கிறோம்! இதுவும் அதைப் போன்றதே. ஓடப்போகிறவர் உறவினரிடமும் நண்பரிடமும் உடன் வேலை செய்வோரிடமும் போய், "இன்ன காரியத்துக்காக ஓடப்போகிறேன், உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று கேட்கிறார். சும்மா கேட்டால் தயங்குகிறவர்களும், தங்கள் உடலை வருத்தி ஒருவர் கேட்கும்போது மனம் இரங்குகிறார்கள். 1981-இல் தொடங்கிய இலண்டன் மாரத்தான் வழியாக இதுவரை 100 கோடி பவுண்டுக்கும் மேலான தொகை தொண்டுப் பணிகளுக்குச் சேர்ந்திருக்கிறது.

கானடா நாட்டின் டெரி பாக்ஸ் என்ற இளைஞரும் இந்த வழியில் நடந்தவர். எலும்புப் புற்றுநோயால் 18 வயதில் வலது காலை இழந்தவர் அவர். 1980-இல் செயற்கைக் காலோடு தம் நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கினார். நாட்டு மக்கள் ஒவ்வொருவரும் ஒரு டாலர் கொடுத்தால் போதும் என்பதே அவரது வேண்டுகோள். 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய நிலையில் நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டத்தை நிறுத்த நேர்ந்தது. 1981-இல், 22 வயதில் இறந்தார். அவர் பெயரால் பல நாடுகளில் ஓட்டங்கள் தொடர்கின்றன; நம் சென்னையிலும் ஐ.ஐ.டி. வளாகத்தில் நடந்திருக்கிறது.

மாரத்தான் ஓடுகிறவர்கள் எல்லாரும் ஒன்றைச் சொல்வார்கள்: ஏறக்குறைய 30 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. தசைகளில் சேர்த்துவைத்திருந்த சர்க்கரைச் சத்து அப்போது தீர்ந்துபோகிறது. கால்கள் கனக்கின்றன. மனம் போதும், நில் என்கிறது. பௌஜா சிங்கும் இதை அறிந்திருந்தார். முதல் 20 மைல் தமக்குக் கடினமில்லை என்றும், கடைசி ஆறு மைலைக் கடவுளோடு பேசிக்கொண்டே ஓடுவதாகவும் அவர் சொல்வதுண்டு. அவர் சீக்கிய நெறியில் ஊன்றியவர். ஆயினும், ஓட்டப் பந்தயத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லி கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய பவுலடியாரை அறிந்த நமக்கு, அந்தச் சொல் எவ்வளவு நெருக்கமானது! விளையாட்டு விழாவுக்குப் பெயர்பெற்ற இடம் கொரிந்து நகருக்கு அருகிலேயே இருந்ததால், அந்த எடுத்துக்காட்டு அம்மக்களுக்கு உடனே விளங்கியிருக்கும்.

2003-இல் டொராண்டோ நகரில் 92 வயதில் 5 மணி 40 நிமிடங்களில் ஓடினார் பௌஜா சிங். 2011-இல் அதே நகரில் 100 வயதில் 8 மணி 11 நிமிடங்களில் ஓடி முடித்தார். ஆனால் கின்னஸ் நிறுவனம் அதைச் சாதனையாக ஏற்கவில்லை. பிறந்த காலத்தில் பதிவுசெய்த பிறப்புச் சான்றிதழ் அவரிடம் இல்லை. திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டித் தாத்தாவின் வயதைக் கண்டுபிடிக்கும் குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டு. அதனால் அந்த ஏழை விவசாயியின் நிலை நமக்குப் புரியும். ஏட்டில் ஏறாவிட்டாலும் அவர் ஓடிய ஓட்டம் ஓடியதுதான். 2013-இல் ஹாங்காங்கில் 10 கிலோமீட்டர் ஓடி, போட்டி ஓட்டத்திலிருந்து விடைபெற்றார்.

2025 ஜூலை 14 அன்று, தாம் பிறந்த அதே ஊரில், சாலையைக் கடக்கும்போது வாகனம் ஒன்று மோதிவிட்டு நிற்காமல் போனது. 114 வயதில் அவர் உயிர் பிரிந்தது. இந்தச் செய்தி வட சென்னை மக்களான நம்மை ஆழமாகத் தொட வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் அணிவகுக்கும் எண்ணூர் விரைவுச் சாலையின் ஓரத்தில்தான் நம் பெரியவர்கள் நடக்கிறார்கள். நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். ஆலைப் புகையும் தூசும் வேறு. நடக்கவும் ஓடவும் பாதுகாப்பான இடம் கேட்பது ஆடம்பரம் ஆகாது. அது உயிரைக் காக்கும் கோரிக்கை.

அன்புக்குரியவர்களே, நாம் எல்லாரும் மாரத்தான் ஓட வேண்டியதில்லை. வயதானவர்களும் சர்க்கரை, இருதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் ஓடவே கூடாது. ஆனால் நம் பங்கு இளைஞர்கள் ஒரு ஞாயிறு விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன், ஐந்து கிலோமீட்டர் ஓடலாம். வரும் தொகை யாருக்கு என்பதை முன்கூட்டியே அறிவிக்கட்டும். முடிந்தபின் வரவுசெலவை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டட்டும். குறைமாதக் குழந்தையோடு மருத்துவமனையில் காத்திருக்கும் ஐந்து குடும்பங்களுக்கு ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு கிடைத்தாலும் அது வீண்போகாத ஓட்டமே.

மற்றொன்றும் செய்யலாம். துணையை இழந்தவர், கடலுக்குப் போன மகனை இழந்தவர், விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் நம் தெருவில் இல்லையா? நாற்பதாம் நாள் திருப்பலியோடு நாம் அவர்களை மறந்துவிடுகிறோம். பௌஜா சிங்கைத் துயரத்திலிருந்து எழுப்பியது ஓட்டம் மட்டுமன்று. அவரைப் பயிற்சிக்கு அழைத்துச் சென்றவர்களும், கூடவே ஓடியவர்களும், உங்கள் உதவி இந்தக் குழந்தைகளுக்குத் தேவை என்று சொன்னவர்களுமே. வீட்டுத் திண்ணையில் தனித்து அமர்ந்திருக்கும் அந்தப் பெரியவரிடம் போய், "வாங்க ஐயா, கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருவோம்" என்று இந்த வாரம் நம்மில் யார் கூப்பிடப் போகிறோம்? சிந்திப்போம்.