ஆலயத்தில் மட்டுமா அன்பு?

ஜூலை 26ஆம் நாள் புனித அன்னம்மாள் திருநாள். அதையொட்டி ஆண்டுதோறும் பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாமில் மக்கள் வெள்ளமெனத் திரள்வதை அறிவீர்கள். தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் சென்று, மெழுகுவர்த்தி ஏற்றி, மன்றாடித் திரும்புகிறோம். நல்லதுதான். ஆனால் மறுநாள் காலையில் அடுத்த வீட்டுக்காரர் எதிரே வந்தால், முகம் மலர்கிறோமா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறோமா?

கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அப்போஸ்தலர் பவுல் ஆவியின் கனியாக 9 நற்பண்புகளைக் கூறுகிறார். அன்பில் தொடங்கித் தன்னடக்கத்தில் முடியும் வரிசை அது. 'கனி' என்ற சொல்லின் பொருளை மரத்தோடு வாழும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பால்மரத்தை நட்டு வெட்டுக்கு எடுக்க 5 முதல் 7 ஆண்டுகள் காத்திருக்கிறோம். செம்பனை குலை தள்ளவும் ஏறக்குறைய 3 ஆண்டுகள் ஆகின்றன. நற்பண்பும் அப்படியே. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பழுத்துவிடாது.

வேலைக்காட்டில்

யாரும் பார்க்காத நிரையில்தான் நேர்மை சோதிக்கப்படுகிறது. வாளிப் பாலில் தண்ணீர் கலப்பதும், உதிரிப் பழத்தைப் பொறுக்காமல் மட்டைக்கடியில் தள்ளுவதும் சிறு காரியங்களாகத் தோன்றலாம். தொழிலாளியின் எடையைக் குறைத்து எழுதும் கிராணிக்கும் அது சிறு காரியமே! லூக்கா நற்செய்தியில் வரும் சகேயு பணக்கார வரிவசூல்காரன். இயேசு அவன் வீட்டுக்கு வந்தபோது, ஏமாற்றி வாங்கியதை 4 மடங்காகத் திருப்பித் தருவதாக வாக்களித்தான். மனமாற்றம் பணப்பைவரை வர வேண்டும். கடைக்காரரின் 555 புத்தகத்தில் ஏறிய கடனைச் சம்பள நாளில் மறவாமல் அடைப்பதும் பக்திதான்.

அடுத்த வீட்டில்

கோழி கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டது, பிள்ளைகள் சண்டையிட்டார்கள், கைமாற்றுப் பணம் திரும்பி வரவில்லை. இப்படித் தொடங்கும் பகை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. பெரியவர்கள் பேசாததால் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடுவதில்லை. நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் முதலில் ஓடிவரக்கூடியவர் யார்? அந்த அடுத்த வீட்டுக்காரர்தான். பகை அந்தக் கதவையல்லவா அடைத்துவிடுகிறது!

காணிக்கை படைக்க வந்தவனுக்கு, தன்மேல் சகோதரனுக்கு மனக்குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு போதிக்கிறார். குற்றம் யாருடையது என்ற விசாரணை அங்கே இல்லை.

ஒன்றை மறவாதீர்கள். மன்னிப்பது வேறு, அடி உதையை வாய்மூடிச் சகிப்பது வேறு. சம்சு குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பற்றிப் பெற்றோரிடமோ, போதகரிடமோ, போலீசிலோ சொல்வது பாவமன்று. அவனையும் அழிவிலிருந்து காக்கும் வழி அது.

எந்தச் சமயத்தாராயினும் இதைச் செய்து பாருங்கள். இன்று மாலை அடுத்த வீட்டு வாசலில் நின்று, "அக்கா, சுகமா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் நாளையும் கேளுங்கள். கனி பழுக்க நாள் பிடிக்கும்.