வீங்கிய முழங்காலும் அடங்கிப்போகும் தொடையும்

நேயர்கள் சிலர் கேட்பதுண்டு: "முழங்கால் வீங்கியிருக்கிறது, வலி அதிகமில்லை, ஆனால் படியிறங்கும்போது கால் மடங்கிவிடுகிறதே, ஏன்?" வயதாகிவிட்டது என்று தமக்குத் தாமே பதில் சொல்லிக்கொண்டு மின்தூக்கியைத் தேடுவோர்தான் அதிகம். காரணம் வேறு.

முழங்காலைத் தாங்கி நிற்பது தொடையின் முன்புறத் தசை. மூட்டுக்குள் நீர் சேர்ந்தால், அங்குள்ள நரம்புகள் தண்டுவடத்துக்குத் தகவல் அனுப்புகின்றன. தண்டுவடமோ அந்தத் தசைக்குப் போகும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. இதற்கு வலிகூடத் தேவையில்லை. 1984இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயில்லாத முழங்கால்களுக்குள் உப்புநீரைச் சிறிது சிறிதாகச் செலுத்திப் பார்த்தார்கள். 20 முதல் 30 மில்லிலிட்டரிலேயே, அதாவது நான்கு முதல் ஆறு தேக்கரண்டியிலேயே, தொடையின் உட்புறத் தசை தளர்ந்துவிட்டது. மற்றப் பகுதிகள் தளர 50, 60 மில்லிலிட்டர் தேவைப்பட்டது.

அதனால்தான் பிசியோதெரபி நிபுணர் முதலில் வீக்கத்தைக் கவனிக்கிறார். ஐஸ் ஒத்தடம் வலிக்கு மட்டுமல்ல, அடங்கிய தசையையும் சற்று எழுப்பும். பிறகு காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து விநாடி நிறுத்தச் சொல்வார். இது ஒரு பயிற்சியா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள்! ஆனால் சும்மா படுத்திருந்தால் தசை மெலியும். வீக்கம் வடிந்த பின்னும் அந்தப் பலம் தானாகத் திரும்பிவிடாது.

ஒன்று மட்டும்: மூட்டு திடீரென வீங்கி, சிவந்து, காய்ச்சலும் சேர்ந்தால் பயிற்சி வேண்டாம், அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.