நடன மண்டபத்திற் பந்தாட்டம்

நடன மண்டபமென்றதும் மெருகேற்றிய தரையும், மெல்லிசையும், அவ்விசைக்கேற்ப இணை இணையாகச் சுழலும் காலடிகளுமே நம் நினைவுக்கு வரும். அத்தகைய மண்டபமொன்றில் ஆறரை அடி உயர இளைஞர்கள் வியர்வை சிந்த ஓடிப் பந்தெறிகிறார்களென்றால் வியப்பன்றோ? பஹாமாஸ் நாட்டின் தலைநகராகிய நாசோவுக்கு எதிரேயுள்ள பரடைஸ் தீவில், ‘அத்லாந்திஸ்’ என்னும் பெரும் உல்லாச விடுதியில் இது நிகழ்கின்றது. (இத்தீவின் பழைய பெயர் பன்றித் தீவு. 1960களின் தொடக்கத்தில் ஹன்டிங்டன் ஹார்ட்போர்ட் என்னும் அமெரிக்கச் செல்வர் அதனைச் சொர்க்கத் தீவாக்கினார். உல்லாசப் பயணிகளை அழைப்பதற்குப் பன்றி உதவாதென்று அவர் எண்ணியிருக்கலாம்!)

விடுதியின் இம்பீரியல் மண்டபம் சுமார் 50,000 சதுர அடி பரப்புடையது. விருந்தும் மாநாடும் நடக்கும் அவ்விடத்தில், 2011ஆம் ஆண்டு முதல் நவம்பர் மாதந்தோறும் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் மோதுகின்றன. 2020இல் மட்டும் கொள்ளைநோய் அதனைத் தடுத்துவிட்டது. 2021 முதல் மகளிர் அணிகளும் வருகின்றன. மேப்பிள் மரப்பலகைகளை ஒன்றோடொன்று பொருத்தி, 94 அடி நீளமும் 50 அடி அகலமுமான ஆடுதளம் அமைக்கப்படுகின்றது. சுற்றிலும் தற்காலிக இருக்கைகள். பார்ப்போர் தொகை நாலாயிரத்தை எட்டாது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் சொந்த அரங்கிலோ 2022இல் 16,300 பேர் அமரக்கூடியதாயிருந்தது. அவ்வளவு பெரிய கூட்டத்தின் ஆரவாரத்துக்குப் பழகிய அணியே 2022இல் இந்த மண்டபத்தின் இறுதியாட்டத்தில் டெனசியிடம் 64–50 எனத் தோற்றது. அவ்வேளை கன்சாஸ் நடப்புத் தேசியச் சம்பியன் என்பதும் கருதத்தக்கது.

இதனைச் செல்வர் விடுதியின் புதுமோகமென்று தள்ளிவிடுதல் எளிது. யானும் முதலில் அவ்வாறே நினைத்தேன். ஆயின், நடனத் தரைக்கும் கூடைப்பந்துக்குமுள்ள உறவு மிகப் பழையது. அந்த உறவிலே கரிபியன் தீவு மைந்தன் ஒருவனுக்குத் தலையாய பங்குமுண்டு.

சென் கிற்ஸ் தீவிற் பிறந்து நியூயோர்க்கிற் குடியேறியவர் பொப் டக்ளஸ். 1923இல் கறுப்பின வீரரைக் கொண்டு அவர் ஓர் அணி அமைத்தார். ஆடுவதற்கோ இடமில்லை. ஹாலெம் பகுதியில் அப்போது புதிதாய் எழுந்த ‘றினேசன்ஸ்’ நடன மண்டபத்தார் இடந்தர இசைந்தனர். அணிக்கு மண்டபத்தின் பெயரைச் சூட்டுவதென்பது உடன்பாடு. வாத்தியக் குழு இசைக்கும் தரையிலே ஆட்ட வேளையிற் கூடைகள் நிறுத்தப்பட்டன. வழுக்குந் தரை அது. ஆட்டம் முடிந்ததும் பார்க்க வந்தோரே நடனமாடினர். வெள்ளையர் லீக் அவ்வணியைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஊர் ஊராகச் சென்றபோது உணவகமும் விடுதியும் கதவடைத்தன. அத்தனைக்கும் நடுவில், 1939இல் சிக்காகோவில் நடந்த உலகத் தொழில்முறைப் போட்டியில் வெற்றிக் கிண்ணத்தை அவர்களே வென்றனர். கூடைப்பந்துப் புகழ்மன்றம் டக்ளஸுக்கு இடமளித்தது 1972இலேதான். அந்த மண்டபக் கட்டடம் நெடுங்காலம் பாழடைந்து கிடந்து 2015இல் இடிக்கப்பட்டது.

அது இடிபடுவதற்கு முந்திய நவம்பரில், பரடைஸ் தீவு மண்டபத்துக்கு ஒக்லஹோமா அணி வந்தது. அதன் முன்னணி வீரன் படி ஹீல்ட் விருந்தாளியல்லன், அந்நாட்டவன். கிராண்ட் பஹாமா தீவில், பால் கொண்டுசெல்லும் பெட்டியின் அடியை வெட்டிக் கூடையாக்கிப் பழகிய பிள்ளை. இந்த ஆட்டத்தை 1891இல் வகுத்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்துக்கும் கிடைத்தவை பீச் பழக்கூடைகள்தாமே! உல்லாச விடுதிகளில் அந்நாட்டு இளைஞருட் பலர் பணியாளராய் நுழைகின்றனர். இவனோ அதே விடுதியில் தன் மக்கள் பார்த்திருக்கப் பந்தாடினான். இரு அணிகளை வென்ற ஒக்லஹோமா, இறுதியில் விஸ்கொன்சினிடம் 69–56 எனத் தோற்றது. 2016இல் அமெரிக்கக் கல்லூரி வீரருட் சிறந்தவனுக்குரிய நெய்ஸ்மித் விருது ஹீல்டுக்குக் கிடைத்தது.