கராஜிலுள்ள பழைய பைப்புகள்: பொருத்துவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

பல ஆண்டுகளின் பின் சொந்த வளவுக்குத் திரும்பும் குடும்பங்கள் முதலில் துப்புரவாக்கும் இடங்களுள் ஒன்று கராஜ். வீட்டின் ஓடும் மரமும் போயிருந்தாலும் கராஜின் கொங்கிறீற் பிளாட் பெரும்பாலும் தப்பியிருக்கும். வீடு திருத்தி முடியும்வரை அதற்குள்ளேயே தறப்பாள் கட்டித் தங்கும் குடும்பங்களும் உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் திரும்பியவர்களின் வளவுகளில் இப்படியான கராஜ்களைக் காணலாம்.

அந்தக் கராஜின் சுவரிலும் நிலத்திலும் இரண்டு மூன்று பைப் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கக்கூடும். தண்ணீர்த் தாங்கியைப் பிளாட்டின் மேலும் மோட்டரைக் கீழே ஒரு மூலையிலும் வைத்து, கார் கழுவுவதற்கென்று ஒரு ரப்பும் பொருத்தியிருந்தால் அத்தனை பைப்புகளும் கராஜ் வழியாகத்தான் போயிருக்கும். அவற்றில் சில இன்னும் பயன்படும். திருத்திப் பயன்படுத்தினால் மிஞ்சும் காசு கூரைக்கு உதவும். ஆனால் ஒரு பைப்பின் மறுமுனை எங்கே போகிறது என்று தெரியும்வரை அதில் எதையும் பொருத்தவும் வேண்டாம், அதைப் பிடுங்கவும் வேண்டாம்.

பைப் போலத் தெரிவதெல்லாம் பைப் அல்ல

யுத்தம் நடந்த இடங்களில் இதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. மூலையில் குவிந்து கிடக்கும் பழைய இரும்புகளுக்குள், கறள் பிடித்த உருளையான ஒன்று, ஒரு முனையில் சிறிய செட்டைகள் போன்ற தகடுகளுடன் கிடந்தால் அது மோட்டார் எறிகணையாக இருக்கலாம். கறள் பிடித்ததால் அது செயலிழந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். தொடாமல், தட்டிப் பார்க்காமல், வந்த வழியாலேயே திரும்பிச் சென்று, பிள்ளைகளை அப்பால் கூட்டிப்போய், கிராம அலுவலருக்கோ பொலிஸாருக்கோ (119) அறிவியுங்கள். பழைய இரும்புக்குக் காசு கிடைக்கும் என்பதற்காக எடுத்துப் பார்த்துக் காயப்பட்டவர்கள் உண்டு.

கராஜுக்குள் குப்பையைக் குவித்துக் கொளுத்தவும் வேண்டாம். அடியில் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நிலத்தடிப் பைப்பைத் தேடி அலவாங்கு போடுவதும் கண்ணிவெடி அகற்றி முறைப்படி கையளிக்கப்பட்ட காணியில் மட்டுமே. அங்கும் சந்தேகமான பொருள் தென்பட்டால் வேலையை உடனே நிறுத்துங்கள்.

இன்னொரு சிறிய எச்சரிக்கை: திறந்து கிடக்கும் பைப் முனைக்குள் விரலை விடாதீர்கள். குளவியும் தேளும் பல வருடமாகக் குடியிருக்கும் இடம் அது.

எது எந்தப் பைப்?

பைப்பின் பருமனைப் பார்த்தாலே பாதி விளங்கும். நாலு அங்குலப் பைப் மலசலகூடத்துக்குரியது. அது சுவரோடு மேலே ஏறிக் கூரைக்கு மேல் முடிந்தால் காற்றுப் பைப். பயன்படாத பைப் என்று நினைத்து அதை அடைத்துவிடுகிறார்கள், அது தவறு. குழியின் வாயு வெளியேறும் வழி அது. நுளம்பு புகாமல் முனையில் வலை கட்டினால் போதும். ஒன்றரை, இரண்டு அங்குலப் பைப்புகள் பெரும்பாலும் கழிவுநீருக்குரியவை. இவை எதிலும் குடிநீரைத் தொடுக்கக் கூடாது.

ஒரு அங்குலம் அல்லது ஒன்றேகால் அங்குலப் பைப் பொதுவாகக் கிணற்றிலிருந்து மோட்டருக்கும், மோட்டரிலிருந்து தாங்கிக்கும் போவது. அரை, முக்கால் அங்குலப் பைப்புகள் தாங்கியிலிருந்து ரப்புகளுக்குப் போகின்றன. தாங்கியின் மேற்பகுதியிலிருந்து புறப்பட்டு வெளியில் சும்மா முடியும் பைப் நிரம்பி வழியும் நீருக்கானது. அது திறந்தே இருக்க வேண்டும்.

மக்கள் ஏமாறும் பைப் ஒன்று உண்டு. சுவரில் ஆளுயரத்தில், ஆளி இருந்த இடத்தை நோக்கிப் போகும் மெல்லிய பி.வி.சி. பைப் மின்வயருக்குரியது. உள்ளே வயர் தெரியாவிட்டாலும் அதை வாளால் அறுக்க வேண்டாம். பிரதான ஆளியை நிறுத்தி, மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். பழைய மோட்டரின் வயர்களுக்கும் இதுவே பொருந்தும்.

மறுமுனையைக் கண்டுபிடித்தல்

இதற்கு இரண்டு பேரும் ஒரு வாளி தண்ணீரும் போதும். உயரத்திலுள்ள முனையில் புனல் வைத்து ஒருவர் மெதுவாக ஊற்ற, மற்றவர் ஏனைய முனைகளைப் பார்த்து வர வேண்டும். ஒரு முனையால் வந்தால் அந்த இரண்டையும் ஒரே இலக்கமிட்டுச் சோக்கட்டியால் குறித்துவிடுங்கள். தண்ணீர் தேங்கி நின்றால் நடுவில் அடைப்பு உண்டு, அல்லது மறுமுனை எங்கோ மூடப்பட்டிருக்கிறது. ஊற்ற ஊற்ற இறங்கி எங்கும் வெளிவராவிட்டால் நிலத்துக்குள் உடைந்திருக்கலாம். அப்படியொரு பைப்பில் மோட்டரைப் பொருத்திய ஒரு குடும்பம், தாங்கி ஏன் நிரம்பவில்லை என்று இரண்டு நாள் யோசித்தது. தண்ணீர் முழுவதும் கராஜ் நிலத்தின் அடியில் போய்க்கொண்டிருந்தது. பிறகு சீமெந்து நிலம் தாழ்ந்தபோதுதான் விளங்கியது.

வீட்டைக் கட்டிய மேசனோ, அயலில் ஒரு மூத்தவரோ இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள். ஒரு நாள் வேலையை அது மிச்சப்படுத்தும்.

திருத்துவதா, கைவிடுவதா?

கத்தியால் சுரண்டினால் வெள்ளி நிறம் காட்டுவது நாகம் பூசிய இரும்புப் பைப். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லிலிருந்து வருவதால், இவற்றின் உள்ளே சுண்ணாம்பும் கறளும் படிந்து துவாரம் ஒடுங்கியிருக்கும். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் சாவி போட்டுத் திருகியவுடன் புரியோடு முறிந்துவரும். சுவருக்குள் இருக்கும் பழைய இரும்புப் பைப்பைத் திருத்தக் காசு செலவழிக்க வேண்டாம் என்பதே எமது ஆலோசனை. அதை அப்படியே விட்டு, சுவரின் மேலாகப் புதிய பி.வி.சி. பைப் ஓட்டுவது மலிவு, பிறகு திருத்துவதும் இலகு.

பி.வி.சி. பைப் நிலத்துக்குள் இருந்திருந்தால் பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும். வெயிலில் கிடந்தது வெளிறி, வளைத்தவுடன் வெடிக்கும், அதை மாற்றுங்கள். வெடிப்பின் மேல் பசை பூசுவதோ ரியூப் சுற்றுவதோ சில நாளைக்குத்தான். வெடித்த இடத்துக்கு இரு பக்கமும் இரண்டு அங்குலம் சேர்த்து, நேராக அறுத்து அகற்றுங்கள். முனைகளின் பிசிறை அரத்தாளால் தேய்த்து, ஈரமும் மண்ணும் இல்லாமல் துடைத்து, பைப்பின் வெளிப்புறத்திலும் சொக்கற்றின் உட்புறத்திலும் பசை பூசி, கால் சுற்றுத் திருப்பி உள்ளே தள்ளி அரை நிமிடம் அசையாமல் பிடிக்க வேண்டும். 24 மணித்தியாலம் கழித்தே மோட்டரைப் போடுங்கள். இரு பக்கமும் அசையாத பைப் என்றால் சாதாரண சொக்கற் நுழையாது; யூனியன் கேட்டு வாங்குங்கள். பைப்பை நெருப்பில் வாட்டி விரித்துப் பொருத்தும் வழக்கம் எங்கும் உண்டு. வாட்டிய இடம் மெல்லிதாகி, தாங்கியின் அழுத்தத்தில் அதுவே முதலில் வெடிக்கும்.

தேவையில்லாத பைப்பை அதன் கடைசி முனையில் மூடிவிட்டால் போதாது. தண்ணீர் அதற்குள் நாட்கணக்கில் தேங்கி நாற்றமெடுத்து, மற்ற ரப்புகளின் நீரோடும் கலக்கும். அது பிரியும் இடத்திலுள்ள ரீ அருகிலேயே அறுத்து மூடி போட்டு ஒட்டுங்கள். நிலத்தோடு நிற்கும் வெற்று முனைகளையும் மூடுங்கள். மழைநீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும்.

குடிப்பதற்கு முன்

கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிய பின், தாங்கியைத் தேய்த்துக் கழுவி, எல்லா ரப்புகளையும் திறந்து கறள்நீர் போகும்வரை ஓடவிடுங்கள். பிறகு 1000 லீற்றர் தாங்கியை நிரப்பும்போது, 30 வீத வலுவுள்ள வெளிற்றும் தூள் 170 கிராமை ஒரு வாளி நீரில் கலக்கித் தெளிந்த நீரை மட்டும் அதில் சேருங்கள். ஒவ்வொரு ரப்பிலும் குளோரின் மணம் வரும்வரை திறந்து, பின் மூடி, 24 மணித்தியாலம் விடுங்கள். அந்த நாளில் எவரும் இந்த நீரைக் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. ரப்புகளைத் துணியால் கட்டிவைத்தால் பிள்ளைகள் திறக்கமாட்டார்கள். மறுநாள் அந்த நீரைக் கிணற்றுக்கும் மரக்கறிப் பாத்திக்கும் தூரமாக வெளியேற்றி, மணம் போகும்வரை புதுநீரால் அலசுங்கள். கிணற்று நீரைப் பரிசோதிப்பது பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

பைப்புகளைத் தேடும்போது குறித்த இலக்கங்களை ஒரு தாளில் படமாக வரைந்து, பொலித்தீன் உறையில் போட்டு, காணிப் பத்திரங்களோடு வையுங்கள்.