பழைய காருக்குள் புதிய பெட்ரோல்

பங்கில் இன்று நாம் போடும் சாதாரணப் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு வரை எத்தனால் இருக்கிறது. கரும்பு, மொலாசஸ், மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றைப் புளிக்கவைத்துக் காய்ச்சி எடுக்கும் ஆல்கஹால் அது. 2003-ல் 5 சதவீதக் கலப்புடன் தொடங்கிய திட்டம் 2022-ல் 10 சதவீதத்தைத் தொட்டது. 2030-க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கை அரசு முன்னுக்கு இழுத்து, 2025-லேயே எட்டிவிட்டது. சாலையில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே வாங்கியவை. கவலை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் மைலேஜ். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். கணக்குப் போட்டால், 20 சதவீதக் கலவையில் கலப்பில்லாத பெட்ரோலைவிட 7 சதவீத ஆற்றல் குறையும். 10 சதவீதக் கலவையோடு ஒப்பிட்டால் மூன்றரை சதவீதம். கலப்பில்லாத பெட்ரோலில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடிய கார் 20 சதவீதக் கலவையில் 14 கிலோமீட்டர் ஓடும். பழைய நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. இதற்கு மேல் பெரிய அளவில் மைலேஜ் விழுந்தால் எத்தனாலை மட்டும் குறை சொல்லாமல் பிளக், ஏர் ஃபில்டர், டயர் காற்று எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எத்தனாலுக்கு ஆக்டேன் எண் அதிகம் என்பது உண்மைதான். அழுத்த விகிதம் கூடுதலாக வைத்துச் செய்த இன்ஜின்தான் அதை முழுதாகப் பயன்படுத்திக்கொள்ளும். பழைய இன்ஜினுக்கு அதனால் சொல்லிக்கொள்ளும்படி லாபம் இல்லை.

எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் அது எரியக் குறைந்த காற்று போதும். பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று தேவை. எத்தனாலுக்கு 9 கிலோ. ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் உள்ள காரில், சைலன்ஸருக்குப் போகும் புகையில் ஆக்சிஜன் கூடியிருப்பதை சென்சார் கண்டுபிடிக்கும். கணினி கொஞ்சம் கூடுதலாக எரிபொருளைத் தெளித்துச் சரிக்கட்டிவிடும். கார்புரேட்டர் வண்டிக்கு அந்த வசதி கிடையாது. கலவையில் எரிபொருள் குறைந்துபோய், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். இன்ஜின் சூடும் ஏறலாம்.

எனக்குப் பெரிய கவலை ரப்பர்தான். பழைய கார்களின் பெட்ரோல் ஹோஸ், ஓ-ரிங், கேஸ்கெட் போன்றவற்றில் சில வகை ரப்பர்கள் எத்தனாலில் ஊறி உப்பும். நாளடைவில் இறுகி வெடிக்கும். ஒரே நாளில் வண்டியை நிறுத்திவிடும் கோளாறு இல்லை இது. அதனாலேயே கவனிக்காமல் விட்டுவிடுவோம். சூடான இன்ஜினுக்கு அருகே பெட்ரோல் கசிவது, மைலேஜ் குறைவதைப்போலப் பொறுத்துக்கொள்ளக்கூடியது அல்ல. ஏப்ரல் 2023 முதல் வந்த கார்களில் எத்தனாலுக்கு ஈடுகொடுக்கும் பாகங்களைப் பொருத்துகிறார்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் அடுத்த சர்வீஸில் ஹோஸ்களை மாற்றச் சொல்வது நல்லது. பெரிய செலவு ஆகாது.

இன்னொன்று தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். அன்றாடம் ஓடும் காரில் இந்தப் பிரச்சினை அரிது. மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைக்கும் காரில் டேங்கை நிரப்பி வைத்தால் ஈரக்காற்றுக்கு இடம் இருக்காது.

பிரேசில் 30 சதவீதம் வரை கலக்கிறதே என்கிறார்கள். அந்த நாடு 1975-லேயே இதைத் தொடங்கி, அதற்கேற்பக் கார்களையும் மாற்றிக்கொண்டே வந்தது. எந்தக் கலவையிலும் ஓடும் ஃப்ளெக்ஸ் ஃப்யூல் கார்கள் அங்கே 2003 முதல் விற்பனையில் உள்ளன. நம் நாட்டில் பெட்ரோல் மாறிய வேகத்துக்கு வண்டிகள் மாறவில்லை. பழைய வண்டிகளுக்காக 10 சதவீதக் கலவையைத் தொடர்ந்து கிடைக்கச் செய்யவேண்டும் என்று நிதி ஆயோக் அறிக்கையும் பரிந்துரைத்தது. பங்குகளில் அதற்கு ஒரு தனி பம்பை ஒதுக்க வேண்டும். கலப்புச் சதவீதத்தையும் விலைக்குப் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.