அங்காடிகளின் வாழ்வும் தாழ்வும்



சென்ற ஆண்டு எங்கள் திருமழிசையில் ஒரு மளிகைக் கடை மூடப்பட்டது. கதவில் பூட்டுத் தொங்குவதைக் கண்டவர்கள் இருவிதமாகப் பேசினார்கள். "பெரிய மால்கள் வந்து சிறு கடைகளை விழுங்கிவிட்டன" என்றார் ஒருவர். "அந்த மால்களிலேயே பல இப்போது ஈயோட்டுகின்றனவே!" என்றார் மற்றொருவர். இரண்டிலும் உண்மை உண்டு; ஆயின் இரண்டும் முழு உண்மையல்ல. ஓர் அங்காடி எதனால் வாழ்கிறது, எதனால் தாழ்கிறது என்பதை இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

அங்காடி என்பது நமக்குப் புதிய சொல் அன்று. பகலில் கூடும் கடைத்தெருவை நாளங்காடி என்றும், இரவில் கூடுவதை அல்லங்காடி என்றும் மதுரைக்காஞ்சி வழங்குகிறது. பல கடைகள் ஓரிடத்தில் கூடினால் வாங்குவோர் அங்கே திரள்வர். வாங்குவோர் திரண்டால் மேலும் கடைகள் கூடும். இந்த எளிய உண்மைதான் அன்றைய அல்லங்காடிக்கும் இன்றைய மாலுக்கும் அடிப்படை.

சென்னையில் இதற்குச் சிறந்த சான்று ஸ்பென்ஸர். 1863-ஆம் ஆண்டளவில் தொடங்கிய அந்நிறுவனம், 1890-களில் மவுண்ட் ரோட்டில், இன்றைய அண்ணா சாலையில், செந்நிறக் கட்டடம் ஒன்றை எழுப்பிப் பெரும்புகழ் பெற்றது. 1983-ஆம் ஆண்டில் அக்கட்டடம் தீக்கு இரையாயிற்று. 1985-ஆம் ஆண்டு மே மாதம் மூர் மார்க்கெட்டும் எரிந்தது. 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்த மார்க்கெட்டில், ஆசிரியப் பயிற்சி பெற்ற நாள்களில் நான் பழைய புத்தகங்களைத் தேடி அலைந்திருக்கிறேன். புதிதாக வாங்க இயலாத நூல்களை அரை விலைக்கும் கால் விலைக்கும் அங்கே வாங்கிப் படித்தவர் என் தலைமுறையில் பலர். அது நின்ற இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குக் குடிபெயர்ந்தார்கள்.

ஸ்பென்ஸர் எரிந்த இடத்தில் 1990-களில் ஸ்பென்ஸர் பிளாசா எழுந்தது. நான் அப்போது பள்ளி ஆசிரியன். ஒருமுறை மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றபோது, திரும்பும் வழியில் அவர்கள் ஸ்பென்ஸர் பிளாசாவையும் பார்க்கவேண்டும் என்று வற்புறுத்தினார்கள். நகரும் படிக்கட்டின் முன்னே ஒரு காலைத் தூக்கி வைப்பதும் பின்வாங்குவதுமாக அவர்கள் தயங்கி நின்ற காட்சி என் கண்முன் நிற்கிறது. புத்தகக் கடை, இசைத்தட்டுக் கடை, கைவினைப் பொருள்கள், துணிமணிகள் என எல்லாம் ஒரே கூரையின்கீழ் இருந்தன. நகரமே அங்கே கூடியது.

அத்தகைய இடத்தில் பின்னாளில் கூட்டம் குறைந்து, பல கடைகள் அடைபட்டது ஏன்? 2010-ஆம் ஆண்டில் எக்ஸ்பிரஸ் அவென்யூவும், 2013-இல் வேளச்சேரியில் பீனிக்ஸ் மாலும் திறந்தன. மெட்ரோ ரயில் பணிகளால் அண்ணா சாலையில் பல ஆண்டுகள் போக்குவரத்து இடர்ப்பட்டது. கைப்பேசியிலேயே பொருள் வாங்கும் வழக்கம் பரவியது. இவையெல்லாம் காரணங்களே. ஆயினும் போட்டியும் கைப்பேசியும் எல்லா மால்களுக்கும் பொதுவானவை. சில தழைக்க, சில வாடுவதற்கு வேறொரு காரணமும் இருத்தல் வேண்டும் அல்லவா?

அக்காரணம் உடைமையின் அமைப்பில் இருக்கிறது. தழைக்கும் மால்களில் பெரும்பாலானவற்றுக்கு உரிமையாளர் ஒருவரே. கடைகள் வாடகைக்கு மட்டும் விடப்படுகின்றன. வாடகையின் ஒரு பகுதி விற்பனையின் பங்காகவும் வருவதுண்டு. எனவே எந்தத் தளத்தில் எந்தக் கடை அமையவேண்டும், பெருங்கூட்டத்தை ஈர்க்கும் பெரிய கடைக்கு எவ்வளவு சலுகை தரவேண்டும் என்பதை உரிமையாளர் முழு வளாகத்தின் நன்மை கருதி முடிவு செய்கிறார். ஒரு கடையின் நட்டம் மற்றொன்றின் ஆதாயத்தால் ஈடாகிறது.

நம் நாட்டில் முதலில் எழுந்த வளாகங்களிலோ, கட்டியவர்கள் கடைகளைத் தனித்தனியாக விற்றுவிட்டார்கள். ஸ்பென்ஸர் பிளாசாவிலும் கடைகளுக்குப் பல உரிமையாளர்கள் உண்டு. தம் கடைக்குள் விளக்கெரியவேண்டும் என்று ஒவ்வொருவரும் கவலைப்படுவர். நடைபாதை விளக்கைப் பற்றிக் கவலைப்படுவோர் யார்? நகரும் படிக்கட்டுக்கும் குளிர்சாதனத்துக்கும் பராமரிப்புப் பணம் வேண்டும். பூட்டிய கடைக்காரர் பணம் தரத் தயங்குவார். பராமரிப்புக் குறையும்; வருவோர் குறைவர்; மேலும் சில கடைகள் பூட்டப்படும். இது சுழலில் அகப்பட்ட ஓடத்தின் நிலை.

மால் தோன்றிய நாட்டின் வரலாறும் அறியத்தக்கது. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய விக்டர் குரூயன் என்னும் கட்டடக் கலைஞர், 1956-ஆம் ஆண்டில் மினியாபொலிஸ் நகரத்துக்கு அருகே சவுத்டேல் என்னும் மாலை அமைத்தார். முழுவதும் மூடிய கூரையும் ஒரே அளவான தட்பவெப்பமும் கொண்ட முதல் மால் அதுவே என்பர். அதனைச் சுற்றி வீடுகள், பள்ளி, பூங்கா ஆகியவை அமைந்து, மக்கள் கூடிக் கலக்கும் ஊர்ச்சதுக்கமாக அது விளங்கவேண்டும் என்பது அவர் கருத்து. ஆனால் கடைகளும் மோட்டார் வண்டிகள் நிற்கும் இடமுமே பெருகின. தம் கருத்தைத் திரித்துவிட்டார்கள் என்று அவர் முதுமையில் மனம் கசந்தார். மக்கள் கூடும் இடம் என்னும் நோக்கம் மறைந்து, விற்கும் இடம் என்பது மட்டும் எஞ்சியது அவர் வருத்தம்.

கட்டடமே சந்தை அன்று என்பதை எங்கள் ஊர் 2020-ஆம் ஆண்டில் கண்கூடாகக் கண்டது. கொரோனாத் தொற்றின் காரணமாகக் கோயம்பேடு மார்க்கெட் அவ்வாண்டு மே மாதம் மூடப்பட, மொத்தக் காய்கறிச் சந்தை திருமழிசைக்கு மாற்றப்பட்டது. வெற்று நிலத்தில் தகரக் கொட்டகைகள் வரிசையாக எழுந்தன. நள்ளிரவில் லாரிகள் வந்து நின்றன. விடியுமுன் சென்னை மாநகரத்துக்கு வேண்டிய வெங்காயமும் தக்காளியும் அங்கிருந்து புறப்பட்டன. மழை பெய்தபோது நிலம் சேறாகி, வியாபாரிகளும் சுமைதூக்குவோரும் பெரிதும் துன்புற்றார்கள். செப்டம்பர் இறுதியில் காய்கறிச் சந்தை மீண்டும் கோயம்பேட்டுக்குத் திரும்பியது. பளிங்குத் தளமில்லாமலும் சந்தை நடக்கும். ஆனால் பாதை, வடிகால், விளக்கு ஆகிய பொதுக்காரியங்கள் செம்மையாக இல்லையேல் அது துன்பத்தோடுதான் நடக்கும் என்பதை அந்த ஐந்து மாதங்கள் காட்டின.

இனி, தொடக்கத்தில் சொன்ன மளிகைக் கடைக்கு வருவோம். அதனை நடத்தியவரை ஊரார் அண்ணாச்சி என்று அழைப்பார்கள். என் தந்தையாருக்குச் சிறிது நிலம் இருந்தது. அறுவடையானால்தான் கையில் பணம். அதுவரை துவரம்பருப்பும் நல்லெண்ணெயும் அண்ணாச்சியின் கணக்கு நோட்டில்தான் ஏறும். நான் ஆசிரியப் பயிற்சிக்குச் சென்ற ஆண்டில் மழை பொய்த்தது. "படிப்பு முடியட்டும் தம்பி, கணக்கை அப்புறம் பார்ப்போம்" என்று அவர் சொன்ன சொல்லால்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. பொட்டலம் கட்டிக் கொடுத்தபின், சிறுவர் கையில் ஒரு துண்டு வெல்லமோ நான்கு பொட்டுக்கடலையோ கொசுறாக வைப்பார்.

இதைக் கேட்டுப் பழைய காலம் பொற்காலம் என்று நீங்கள் எண்ணிவிடலாகாது. கடனுக்கு வாங்குவோர் சற்றுக் கூடுதல் விலை கொடுத்தார்கள். தரம் குறைந்தாலும் வேறு கடைக்குப் போக வழியில்லை. சில ஊர்களில் கடை வாசலில் எல்லாரும் ஒன்றாக நிற்க இயலாத கொடுமையும் இருந்தது. மாலில் நுழைபவரை யாரும் சாதி கேட்பதில்லை. அச்சிட்ட விலையே அனைவருக்கும் விலை. இந்த நன்மைகளை மறைப்பது நேர்மையாகாது.

ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு நிரந்தரச் சம்பளம் கிடைத்தபின், மாதச் சாமான்களை நகரத்தின் பெரிய கடைகளில் வாங்கினேன். பிறகு கைப்பேசி வழியே வரவழைத்தேன். அவசரத்துக்கு மட்டும் அண்ணாச்சியின் கடைக்கு ஆள் அனுப்பினேன். கடையை மூடிய அன்று, அண்ணாச்சியின் மகனிடம், "இப்படிச் செய்துவிட்டீர்களே" என்று வருந்தினேன். அவர் கோபமின்றி, "சார், உப்புக்கும் தீப்பெட்டிக்கும் மட்டும் ஒரு கடையை நடத்த முடியுமா?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. என் படிப்பைக் காத்த கடையை மூடிய கைகளில் என் கையும் ஒன்று.

மாணவர்களே! பல உரிமையாளர்கள் கூடிப் பொது நடைபாதையை மறந்தால் மால் வாடுகிறது. பல வாடிக்கையாளர்கள் கூடித் தத்தம் வசதியை மட்டும் கருதினால் தெருக்கடை மூடுகிறது. இரண்டும் ஒரே நோயின் இரு தோற்றங்கள். எல்லாருக்கும் பயன்படும் ஒன்று, எவரேனும் அதற்காகச் சிறிது செலவிட்டால்தான் நிலைக்கும். உங்கள் தெருவில் இன்னும் ஒரு கடை திறந்திருக்குமாயின், அது நாளையும் வேண்டும் என்று நீங்கள் கருதினால், உப்புக்காக மட்டுமின்றி அரிசிக்காகவும் ஒருமுறை அதன் படியேறுங்கள். பூட்டுத் தொங்கியபின் வருந்துவதில் பயனில்லை என்பதை நான் காலம் தாழ்த்திக் கற்றேன். நீங்கள் முன்னதாகவே கற்றுக்கொள்ளலாம்.