கோரையை ஒழிக்க மருந்து வேண்டாம்... பத்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் போதும்!

‘வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் இடம் இருக்கிறது. கத்தரி, வெண்டை, கீரை போட ஆசை. ஆனால், கோரை விட மாட்டேன் என்கிறது. பிடுங்கப் பிடுங்க இரண்டு மடங்காக வருகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?’

கோடை தொடங்கிவிட்டால், வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வருபவர்களில் பலர் கேட்கும் கேள்வி இது. பதில் சொல்வதற்கு முன்பு, நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

வேளாண்மைப் பட்டம் பெற்று, பணியில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். எங்கள் வீட்டுக் கொல்லையில் அம்மா ஆண்டுதோறும் ஒரு நாட்டுக் கத்தரி போடுவார். காம்பில் முள், பச்சைக் காயில் வெள்ளை வரி. நல்ல காயாகப் பார்த்துப் பழுக்கவிட்டு, விதையை எடுத்துச் சாம்பலில் புரட்டி, காயவைத்துப் பானையில் வைத்துக்கொள்வார். அந்த ஆண்டு இருந்த விதை முழுவதையும் நாற்று விட்டு நட்டிருந்தார். பாத்தி முழுக்கக் கோரை மண்டிவிட்டது. ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கைத்தெளிப்பானில் கிளைபோசேட் கலந்து, செடிகளுக்கு இடையில் அடித்தேன். காற்று இல்லை என்றுதான் நினைத்தேன்.

பத்து நாளில் கத்தரியின் கொழுந்து மஞ்சளாகி, செடிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. “நீ படிச்ச புள்ள, உனக்குத் தெரியும்னு விட்டுட்டேன்” என்றார் அம்மா. வேறு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மழைக்குக் கோரை திரும்பி வந்தது. அந்தக் கத்தரி வரவில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தோம், யாரிடமும் விதை இல்லை.

கிளைபோசேட் நம் நாட்டில் தேயிலைத் தோட்டத்துக்கும், பயிர் இல்லாத இடங்களுக்கும்தான் பதிவு செய்யப்பட்டது. காய்கறிப் பாத்திக்கு அல்ல. 2022-ம் ஆண்டு மத்திய அரசு அதன் பயன்பாட்டை மேலும் கட்டுப்படுத்தியது. மற்றவர்களுக்கு லேபிளைப் படியுங்கள் என்று சொல்லும் நானே அன்று படிக்கவில்லை.

பிடுங்கினால் ஏன் பெருகுகிறது?

கோரை புல் இனம் அல்ல. மண்ணுக்குள் கிழங்கு வைக்கும் செடி. ஒரு கிழங்கிலிருந்து வேர்த்தண்டு ஓடி, அடுத்த கிழங்கு, அதற்கடுத்த கிழங்கு என்று மணி கோத்ததுபோல இருக்கும். நுனியில் உள்ளது வளரும் வரை பின்னால் உள்ளவை தூங்கும். தழையைப் பிடித்து இழுத்தால் தண்டு அறுந்து கையோடு வரும், கிழங்குகள் உள்ளேயே நிற்கும். தொடர்பு அறுந்ததும் தூங்கியவை விழித்து முளைக்கும். மருந்து அடித்தாலும் தூங்கும் கிழங்குக்கு அது சரியாகப் போய்ச் சேராது.

இதற்கு ஒரு பலவீனம் உண்டு. முளைத்த செடி புதுக் கிழங்கு வைக்க மூன்று, நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை பழைய கிழங்கில் இருக்கும் சத்தைச் செலவழித்துத்தான் வளரும். பத்து நாளுக்கு ஒருமுறை முளையை வெட்டிக்கொண்டே வந்தால், கிழங்கு சத்து தீர்ந்து சாகும். ஒரு மாதம் விட்டுவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். கோரைக்கு நிழலும் ஆகாது.

ஆடிக்கு முன்பு செய்ய வேண்டியவை

ஆடிப்பட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த வெயிலை வீணாக்காதீர்கள்.

1. இடத்தை நனைத்து, மண் பதமானதும் கடப்பாரையால் ஓர் அடி ஆழத்துக்கு நெம்பிப் புரட்டுங்கள். கைக்கு அகப்படும் கிழங்குகளையும் அருகம்புல் தண்டுகளையும் பொறுக்கி எடுங்கள். ஏக்கர் கணக்கில் இது முடியாது, ஒரு சென்ட்டில் முடியும்.

2. புரட்டிய மண்ணை இரண்டு வாரம் வெயிலில் காயவிடுங்கள். மேலே கிடக்கும் கிழங்கு ஈரம் இழந்தால் செத்துவிடும்.

3. பிறகு பாத்தி போடுங்கள். அகலம் நான்கடிக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமும் உட்கார்ந்து கை எட்ட வேண்டும். நடுவில் ஒன்றரை அடி நடைபாதை.

4. நன்கு மக்கிய தொழுவுரம் மட்டும் போடுங்கள். மாடு தின்ற களை விதை சாணத்திலும் உயிரோடு இருக்கும். குப்பையைக் குவித்து, நனைத்து, கிளறிவிட்டு மக்கவைத்தால் உள்ளே ஏறும் சூட்டில் பெரும்பாலான விதைகள் செத்துவிடும்.

5. உடனே விதைக்காதீர்கள். பாத்திக்குத் தண்ணீர் விட்டு, 10 முதல் 14 நாள்கள் காத்திருங்கள். களை முளைத்து வரும். களைக்கொத்தால் மேலாகச் சுரண்டிவிட்டு, மண்ணை ஆழமாகக் கிளறாமல் நாற்றை நடுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியில் கிடக்கும் விதை மேலே வந்து புதிதாக முளைக்கும்.

முதல் 45 நாள்கள்

கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை எதுவானாலும் நட்டதிலிருந்து 45 நாள்கள்வரை களை இருக்கக் கூடாது. அதன் பிறகு செடி படர்ந்து நிழல் கட்டிவிடும். பத்து நாளுக்கு ஒருமுறை, வெயில் ஏறும் முன்பு, அரை மணி நேரம் களைக்கொத்தோடு உட்காருங்கள். காலண்டரில் குறித்துக்கொண்டால் தவறாது.

தண்ணீரைப் பாத்தி முழுக்கப் பாய்ச்சாமல், செடி தூரில் மட்டும் விடுங்கள். ஈரம் படும் இடத்தில்தான் களை முளைக்கும்.

நட்டு இரண்டு வாரம் கழித்து மூன்று அங்குலத்துக்கு மூடாக்கு போடுங்கள். கரும்புச் சோகை, காய்ந்த இலை, கடலைத் தோல் எது கிடைத்தாலும் சரி. தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் போடுங்கள், ஒட்டிப் போட்டால் அழுகும். நடைபாதையில் தென்னங்கீற்றைப் பரப்புங்கள். விதை முளைத்து வரும் களைகளை இது நன்றாக அடக்கும். கோரை மட்டும் குத்திக்கொண்டு வரும். பிளாஸ்டிக் விரிப்பைக்கூட அது துளைக்கும். எனவே, மூடாக்கு போட்டாலும் பத்து நாள் கணக்கை விடாதீர்கள்.

கோரை மிக அதிகமாக உள்ள பாத்தியில் ஒரு பட்டம் சர்க்கரைவள்ளியோ, தட்டைப்பயறோ போட்டு மூடிவிடுங்கள். நிழலில் கோரை நலிந்துபோகும், உங்களுக்கும் விளைச்சல் கிடைக்கும்.

எல்லாமே களை இல்லை

தானாக முளைக்கும் குப்பைக்கீரை, பண்ணைக்கீரை, மணத்தக்காளி எல்லாம் சமையலுக்கு ஆகும். ஓரமாக நான்கு செடி விட்டுவைக்கலாம். பார்த்தீனியம் கண்ணில் பட்டால் மட்டும், பூக்கும் முன்பு கையுறை போட்டு வேரோடு எடுங்கள். அது தோலில் அரிப்பை உண்டாக்கும்.

இன்னொன்று... வீட்டில் பழைய விதை இருந்தால், அனைத்தையும் ஒரே பட்டத்தில் விதைக்காதீர்கள். பாதியை எடுத்துவைத்து, பக்கத்து வீட்டுக்கும் ஒரு கை கொடுங்கள். உங்களிடம் போனாலும் அங்கே இருக்கும்.

வாசகர் கேள்விகள்

உப்புக் கரைசல் தெளித்தால் கோரை சாகும் என்கிறார்களே?

தழை கருகும், கிழங்கு சாகாது. உப்பு மண்ணில் தங்கி, அடுத்து வைக்கும் காய்கறியைத்தான் கெடுக்கும். வேண்டாம்.

பிடுங்கிய களையை உரக்குழியில் போடலாமா?

பூக்காத களைகளைத் தாராளமாகப் போடலாம். கோரைக் கிழங்கு, அருகம்புல் தண்டு இரண்டையும் பச்சையாகப் போடக் கூடாது. சிமென்ட் தரையில் பரப்பி, ஒடித்தால் முறியும் அளவுக்குக் காயவைத்த பிறகு போடுங்கள்.

மாடித் தோட்டத் தொட்டியிலும் கோரை வருகிறது. எப்படி?

நீங்கள் வாங்கிய மண்ணோடு வந்திருக்கும். தொட்டியைக் கவிழ்த்து, மண்ணைச் சலித்துக் கிழங்கைப் பொறுக்கிவிட்டு நிரப்புங்கள். தொட்டி அளவுக்கு இதுவே எளிது.